மஞ்சள் லைற் எரியுது, கார் ஓடுது. இதோடு கொழும்புக்குப் போகலாமா?

கோண்டாவிலான்

யாழ்ப்பாணத்து வீட்டில் நிற்பது 2014 ரொயோட்டா விற்ஸ் கார், ஆயிரம் சீசீ. அப்பாதான் ஓடுகிறார். நான் கொழும்பில் வேலை, இப்போது லீவில் வந்து நிற்கிறேன். டாஷ்போட்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைற் எரிந்தபடியே இருக்கிறது. கேட்டால் "அது கனநாளாய் எரியுது, கார் நல்லாத்தானே ஓடுது" என்கிறார். வழக்கமாகக் காட்டுகிற கராஜில் பற்றரி வயரைக் கழற்றிப் பூட்டினார்களாம். லைற் அணைந்தது, திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்வர முதல் திரும்ப எரிந்தது. "சென்சர்தான் ஐயா, பிரச்சினை இல்லை, ஓடுங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த கிழமை அம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கொழும்புக்குக் கூட்டிப் போகவேண்டும். அப்பா இதே காரில்தான் போவேன் என்று நிற்கிறார். இந்த லைற்றோடு ஏ9 வீதியால் போய்க் கொழும்புவரை 400 கிலோமீற்றர் ஓடலாமா? பஸ்ஸில் போகச் சொல்லுங்கள் என்று மட்டும் எழுதாதேயுங்கள். அதைச் சொல்லி வாங்கிக் கட்டியாயிற்று.

ஸ்பானர்_தம்பி (சுன்னாகம்)

அண்ணை, பதிலுக்கு முதல் ஒரு கேள்வி. லைற் அசையாமல் எரிகிறதா, விட்டு விட்டு மின்னுகிறதா?

அசையாமல் எரிந்தால், எஞ்சினைக் கவனிக்கிற கம்பியூட்டர் ஏதோ ஒரு அளவு பிழைத்துப்போனதைக் குறித்து வைத்திருக்கிறது. பெற்றோல் ராங்க் மூடி சரியாக இறுகாததாகவும் இருக்கலாம், ஒட்சிசன் சென்சராகவும் இருக்கலாம், பிளக்குக்குப் பொறி கொடுக்கிற இக்னிஷன் கொயில் ஒன்று தளர்ந்துகொண்டு வருவதாகவும் இருக்கலாம். கார் ஓடும். எது என்று தெரியாமல் தூரப் பயணம் வெளிக்கிடுவதுதான் சரியில்லை.

மின்னினால் கதையே வேறு. ஒரு சிலிண்டர் பற்றாமல் விடுகிறது. பற்றாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய் அங்கே புகையைச் சுத்தமாக்க இருக்கிற கற்றலிற்றிக் கொன்வேற்றருக்குள் எரியும். அது சூடேறி உள்ளே உருகினால் கொயில் மாற்றுகிற காசோடு முடியாது. மின்னுகிறதைக் கண்டால் அக்சிலரேற்றரைத் தளர்த்தி, மெதுவாகக் கிட்டின கராஜுக்குப் போய்ச் சேருங்கோ.

பற்றரி வயரைக் கழற்றுவது வைத்தியம் இல்லை. கம்பியூட்டர் குறித்து வைத்த பிழை இலக்கம், அதுதான் கோட், அழியும். அதோடு, பிழை விழுந்த நேரம் எஞ்சின் என்ன வேகத்தில், என்ன சூட்டில் ஓடியது என்ற பதிவும் சேர்ந்து அழியும். அடுத்ததாகப் பார்க்கிறவனுக்கு ஒரு தடயமும் மிஞ்சாது. முதலில் ஸ்கானர் போட்டு வாசித்து, கோட்டை போனில் படம் எடுங்கோ, பிறகு அழிக்கலாம். போனோடு இணைக்கிற மலிவான புளூரூத் ஸ்கானரும் கிடைக்கும்தான், ஆனால் ஜப்பானுக்குள் விற்கச் செய்த சில மொடல்களோடு அது பேசாது. இணையவில்லை என்றால் கார் பழுது என்று நினைக்க வேண்டாம்.

வான்காரன்

கட்டுநாயக்க விமான நிலைய ஓட்டம் ஓடுகிறவன் நான், ஹையேஸ் டீசல் வான். தம்பி, மஞ்சளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது சிவப்புக்கு.

பச்சையும் நீலமும் ஏதோ வேலை செய்கிறது என்று சொல்வதற்கு. மஞ்சள் என்றால் கெதியில் காட்டு. சிவப்பு என்றால் ஓரம் கட்டு. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சிவப்பும் மஞ்சளும் ஒன்றுதான், இரண்டுக்கும் "ஊருக்குப் போய்ப் பாப்பம்" என்பதுதான் பதில்.

போன மாரியில் ஓமந்தைக்கு இங்காலே ஒரு கார் ஓரத்தில் நின்றது. குடும்பம் முழுக்க மரத்துக்குக் கீழே. என்ன என்று இறங்கிக் கேட்டால், மாங்குளத்திலேயே ஒயில் குவளை படம் சிவப்பாக எரிந்ததாம். ஒயில் குறைஞ்சிட்டுது போல, வவுனியாவில் விடுவம் என்று வந்திருக்கிறார்கள். போனற்றைத் திறந்தால் சூடு முகத்தில் அடிக்கிறது, எஞ்சின் சுற்றவே மாட்டேன் என்று இறுகிப் போய்விட்டது. அந்த மனிதனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தக் குவளை லைற் ஒயிலின் அளவைக் காட்டுவதில்லை. ஒயில் பம்ப் கொடுக்கிற அமுக்கம் விழுந்துவிட்டது என்று காட்டுகிறது. அமுக்கம் இல்லாமல் ஓடினால் பெயாரிங்கும் கிராங்கும் இரும்போடு இரும்பு உரசும். கண்ட இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். கொஞ்சம் பொறுத்து, ஒயில் அளவு பார்க்கிற கம்பியை, டிப்ஸ்ரிக்கை, இழுத்துப் பார். ஒயில் சரியான அளவில் இருந்தும் லைற் எரிந்தால் திரும்ப ஸ்ராட் பண்ணாதே, இழுத்துக்கொண்டு போ. இழுக்கிற காசு எஞ்சின் காசில் ஒரு மூலைக்கும் வராது.

கோண்டாவிலான்

மஞ்சள் அசையாமல்தான் எரிகிறது. சிவப்பு ஒன்றும் இல்லை. அப்பா பக்கத்தில் இருந்து வாசித்துவிட்டு "வான்காரன் சொல்லுறது சரி, மஞ்சளுக்குப் பயமில்லை" என்கிறார். அண்ணை, உதவி செய்கிறேன் என்று எனக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டீர்கள்.

பழைய_சாரதி

நெல்லியடியில் இருந்து எழுதுகிறேன். ஒஸ்ரின் கேம்பிரிஜ் ஓடினவன். அந்தக் காரில் இந்தச் சித்திர வேலை ஒன்றும் இல்லை. அம்பியர் மீற்றர், ஒயில் மீற்றர், சூட்டு மீற்றர் இருந்தால் அதுவே பெரிய காரியம், மிச்சத்துக்குக் காதும் மூக்கும்.

தொண்ணூறுகளில் பெற்றோல் தடை. போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, காபரேற்றரில் துளி விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடுவோம். யாழ்ப்பாணம் முழுக்க அந்த மணம்தான். மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. மிச்சம் பிஸ்ரன் ஓரத்தால் வழிந்து கீழே ஒயிலுக்குள் சேரும். ஒயில் தண்ணீராகிப் போகும். அதனால் காலையில் டிப்ஸ்ரிக்கை இழுத்து, விரலில் தேய்த்து, மணந்து பார்க்காமல் வெளிக்கிட மாட்டோம். அளவு குறைந்தால் மட்டும் பயம் இல்லை, கூடினாலும் பயம். விடாத ஒயில் எங்கிருந்து கூடும்? எரிபொருளோ தண்ணீரோ உள்ளே போகிறது என்றுதான் அர்த்தம்.

இப்போதைய பிள்ளைகள் லைற் எரியும்வரை போனற்றே திறப்பதில்லை. வான்காரத் தம்பி சொன்ன அதே குவளை லைற் எரிகிற நேரம் காரியம் முடிந்துவிட்டது. அளவு அரைவாசி இறங்கும்போது அது வாயே திறக்காது. லைற்றை நம்புகிறவன் பிந்தித்தான் அறிவான்.

ஸ்பானர்_தம்பி (சுன்னாகம்)

ஐயா சொல்வதில் டிப்ஸ்ரிக் கதை நூற்றுக்கு நூறு சரி. கராஜுக்கு வருகிற கார்களில் ஒயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கி நிற்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன், லைற் எரியவே இல்லை என்பார்கள். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஒயில் கீழே இறங்க ஐந்து நிமிடம் விட்டு, துடைத்துத் திரும்பப் போட்டு இழுத்துப் பாருங்கோ. இரண்டு குறிக்கு நடுவில் நின்றால் போதும். மேல் குறிக்கு மேலே ஊற்றுவதும் நல்லதில்லை, கிராங் அடித்து நுரைக்கும். பெரும்பாலான சின்னக் கார்களில் கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு லீற்றர்தான்.

ஆனால் ஐயா, காதும் மூக்கும் இன்றைய காருக்குப் போதாது. காபரேற்றர் கார் பிழைத்தால் இருமும், புகையும், நின்றுவிடும். இன்ஜெக்ஷன் கார் அப்படி இல்லை. ஒரு சென்சர் பிழைத்தால் கம்பியூட்டர் தானே ஒரு மதிப்பை எடுத்துக்கொண்டு ஓட்டும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பெற்றோல் கூடக் குடிக்கும், பிளக் கறுக்கும், மெல்ல மெல்லக் கொன்வேற்றர் அடைக்கும். அதைச் சொல்லத்தான் அந்த மஞ்சள் லைற்.

ஒயில் பற்றி இன்னொன்று. இப்போது வருகிற சின்ன எஞ்சின்களுக்கு மெல்லிய ஒயில், ஒயில் மூடியிலேயே 0டபிள்யூ20 என்று எழுதியிருக்கும். "எங்கட வெக்கைக்குத் தடிச்ச ஒயில்தான் நல்லது" என்று பழைய பழக்கத்தில் லொறிக்கு விடுகிறதை விடுகிறார்கள். மூடியைப் பாருங்கோ, அல்லது புத்தகத்தைப் பாருங்கோ.

பழைய_சாரதி

புத்தகம் ஜப்பான் பாஷையில் இருக்கிறதே தம்பி. நீ வாசிப்பாயோ?

ரொறன்ரோ_நல்லூர்

ஐயா கேட்டதுதான் எனக்கும் வந்தது. திருவிழாவுக்கு வந்து நிற்கும்போது மச்சானுடைய காரில் நடுத்திரையில் ஏதோ ஜப்பான் எழுத்து வந்து மறைகிறது. வீட்டில் எல்லோரும் "அது எப்பவும் வரும், ஒண்டுமில்லை" என்கிறார்கள். போன் கமராவை மொழிபெயர்ப்பில் விட்டு நீட்டினால், திறப்பின் பற்றரி குறைகிறதாம். இது சின்ன விஷயம். அந்த இடத்தில் பிறேக் என்று வந்திருந்தாலும் அவர்கள் ஒண்டுமில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஸ்ராட் பண்ணியதும் பேசுகிற அந்தப் பொம்பிளைக் குரலுக்கு மட்டும் யாரும் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் ஜப்பான் நெடுஞ்சாலைக் கட்டண அட்டை போடவில்லை என்று புலம்புவது. நாவற்குழிப் பாலத்தில் யாரும் அந்த அட்டையைக் கேட்கப் போவதில்லை.

நான் எழுத வந்தது வேறு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய கார்கள் கைமாறிக் கைமாறி விலை ஏறின. விற்கிறவன் லைற்றை மறைப்பதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, காட்ட வருகிற அன்று காலையில் கோட்டை அழித்துவிடுவது. மற்றது இன்னும் மோசம், லைற்றையே எரியாமல் பண்ணிவிடுவது.

அதனால் கார் வாங்கப் போனால் முதலில் திறப்பை ஒன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள், ஸ்ராட் பண்ண வேண்டாம். பட்டன் கார் என்றால் பிறேக்கை மிதிக்காமல் இரண்டு தரம் அமத்துங்கள். எஞ்சின், ஒயில், பற்றரி, எயார்பாக், ஏபிஎஸ் எல்லாம் எரியவேண்டும். எயார்பாக்கும் ஏபிஎஸ்ஸும் சில செக்கனில் அணையும், எஞ்சினும் ஒயிலும் பற்றரியும் ஸ்ராட் பண்ணியதும் அணையும். அணையாத லைற்றைக் கேட்க எல்லோருக்கும் தெரியும். எரியவே எரியாத லைற்றைத்தான் யாரும் கவனிப்பதில்லை. எயார்பாக் லைற் எரியவில்லை என்றால் நான் அந்தக் காரை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வருவேன்.

தீவகத்து_ரீச்சர்

இது உபயோகமான இழை, நன்றி. பண்ணைப் பாலத்தால் வேலணைக்கு ஓடுகிறவள் நான். இரண்டு பக்கமும் கடல். காற்று அடிக்கிற மாதங்களில் கண்ணாடியில் உப்புப் படியும், அப்படியென்றால் அடிச்சட்டத்தில் எவ்வளவு படியும்? பற்றரி முனையில் வெள்ளையும் நீலமுமாகப் பூத்துக் கிடந்தது. சுடுதண்ணீர் ஊற்றிப் பிரஷால் தேய்த்து, காயவிட்டு, வசலின் பூசினேன். காலையில் ஸ்ராட் இழுத்துக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. அதற்கு முதல் புதுப் பற்றரி போடச் சொல்லி எல்லோரும் அவசரப்படுத்தினார்கள்.

என் காரில் சூட்டு மீற்றரே இல்லை. காலையில் ஒரு நீலத் தெர்மோமீற்றர் எரிந்து கொஞ்ச நேரத்தில் அணைகிறது, அவ்வளவுதான். சூடு கூடினால் எனக்கு எப்படித் தெரியும்?

ஸ்பானர்_தம்பி (சுன்னாகம்)

ரீச்சர், அந்த நீலம் எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று சொல்கிறது. அணையும்வரை மெதுவாக ஓடுங்கோ. சூடு கூடினால் அதே படம் சிவப்பாக வரும். இடையில் ஒன்றும் இல்லை. முள் உள்ள காரில் முள் மெல்ல ஏறுவதைப் பார்த்து எச்சரிக்கையாகலாம், உங்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் எஞ்சின் ஆறியிருக்கும்போது பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் ராங்கில் கூலன்ட் இரண்டு கோட்டுக்கு இடையில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் உங்களுடைய மீற்றர்.

சிவப்பு வந்தால் ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணையுங்கோ. ரேடியேற்றர் மூடியில் கை வைக்க வேண்டாம். உள்ளே அமுக்கத்தில் இருக்கிறபடியால்தான் தண்ணீர் நூறு பாகைக்கு மேலேயும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திருகினால் அந்தக் கணமே கொதித்து முகத்துக்கு வரும்.

பிறகு ஒரு கெஞ்சல், எல்லோருக்கும். ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடாதேயுங்கோ. எங்களுடைய நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கேத்திலுக்குள் வெள்ளையாய்ப் பொருக்குக் கட்டுகிறதே, அதே பொருக்கு ரேடியேற்றர் குழாய்க்குள்ளும் கட்டும், குழாய் வேறு நூல் மாதிரி ஒடுக்கம். கரையோரக் கிணறு என்றால் உப்பும் சேரும், அலுமினியத்தைத் தின்னும். "இங்க பனி கொட்டுறதோ, கூலன்ட் எதுக்கு" என்று கேட்கிறார்கள். பனிக்கு மட்டும் இல்லை அது. துரு பிடிக்காமல் காக்கிறதும், கொதிநிலையை உயர்த்துகிறதும் அதுதான். கலந்தே வருகிற கூலன்ட் வாங்கினால் நேரே விடலாம். செறிவானது என்றால் பற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணீரோடு கலவுங்கோ. நடுவழியில் வேறு வழியே இல்லை என்றால் கிடைக்கிற தண்ணீரை விட்டு ஊருக்கு வந்து, முழுவதையும் இறக்கிக் கழுவி மாற்றுங்கோ.

வான்காரன்

ரயரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்ரிக்கர். அதில் கிலோபாஸ்கலில் காற்று எவ்வளவு என்று இருக்கும். 220 என்றால் 32 பி.எஸ்.ஐ., 240 என்றால் 35. காற்றடிக்கிற கடையில் பொடியன் எல்லா வாகனத்துக்கும் ஒரே அளவுதான் அடிப்பான், நீ சொல்லவேண்டும். ரயர் ஆறியிருக்கும்போது பார்க்கவேண்டும், ஓடிச் சூடேறினால் அமுக்கம் கூடக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் பிழை. பின்னால் கிடக்கிற ஸ்பெயாரையும் சேர்த்துப் பார். வெளிநாட்டுக்காரர் வருடத்துக்கு ஒருக்கால் வந்து ஓடுகிற கார்களில் ரயர் பூ தேயாமல் புதுசு மாதிரி இருக்கும், ஆனால் பக்கச் சுவரில் வெடிப்பு. சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2315 என்றால் 2015ஆம் ஆண்டு 23ஆம் கிழமை செய்தது. அப்படிப்பட்ட ரயரை வைத்துக்கொண்டு பரந்தன் நேர் ரோட்டில் நூறில் போகிறார்கள்.

நான் முறிகண்டியில் எப்படியும் நிற்பாட்டுவேன். பிள்ளையாருக்குக் கற்பூரம், ஆட்களுக்குக் கச்சான். அந்த இடைவெளியில் வானை ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். நான்கு ரயரும் கண்ணுக்கு ஒரே உயரமா, அடியில் ஏதும் சொட்டுகிறதா, ரிம்மில் கை காட்டினால் ஒன்று மட்டும் கூடச் சுடுகிறதா. தொடத் தேவையில்லை, கிட்டக் கொண்டுபோனாலே தெரியும். ஒன்று மட்டும் சுட்டால் அந்தப் பக்கம் பிறேக் பிடித்தபடி ஓடுகிறது. இதுக்கு ஒரு லைற்றும் வராது. ஏசி போட்டு வந்தால் அடியில் வெறும் தண்ணீர் சொட்டும், அது பரவாயில்லை. நிறமோ வழுவழுப்போ இருந்தால்தான் கவலை.

டீசல் வான்காரருக்கு இரண்டு லைற் தனியாக இருக்கு. பில்ற்றருக்குள் தண்ணீர் சேர்ந்தால் ஒன்று வரும், கீழே இருக்கிற திருகியைத் தளர்த்தி இறக்கினால் போதும், ஓடவிட்டால் பம்பும் இன்ஜெக்டரும் போகும். மற்றது ரி-பெல்ற், எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கிற ரைமிங் பெல்ற். அது பெல்ற் தேய்ந்ததைப் பார்த்துச் சொல்வதில்லை, மீற்றர் ஒரு இலட்சமோ ஒன்றரை இலட்சமோ வந்ததும் தானாக எரியும். பெல்ற்றை மாற்றாமல் லைற்றை மட்டும் அணைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். மீற்றரைச் சுற்றிக் குறைத்த வான் என்றால் அந்த லைற்றின் கணக்கையும் நம்ப ஏலாது. பெல்ற் மாற்றின பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்று வைத்துக்கொள்.

கோண்டாவிலான்

அப்பாவைச் சம்மதிக்க வைத்து வேறொரு இடத்தில் ஸ்கானர் போட்டோம். பி0135 என்று வந்தது, முன் ஒட்சிசன் சென்சரைச் சூடாக்குகிற சுற்றில் பிழை. சென்சர் மாற்றச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அந்தப் பொடியன் ரோச் அடித்து வயரைத் தேடிக்கொண்டே போனான். எஞ்சினுக்குப் பின்பக்கம், வெளியில் இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், எலி வயரைக் கடித்து வைத்திருக்கிறது. செம்பு தெரிகிறது, பக்கத்தில் தென்னந்தும்பும் பழைய துணியும் சேர்த்துக் கூடு. வயரை ஒட்டி, உறை போட்டு, கோட்டை அழித்தான். இன்றைக்கு எல்லா இடமும் ஓடிப்பார்த்தோம், லைற் வரவில்லை.

ஆனால் இதற்காகத்தான் எழுதுகிறேன்: அதே போனற்றுக்குள் கூலன்ட் ராங்க் காய்ந்து கிடந்தது. வெளிப் பெல்ற் முழுக்க வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிந்து தொங்குகிறது. இது இரண்டுக்கும் டாஷ்போட்டில் ஒரு லைற்றும் இல்லை. பெல்ற்றைக் கழற்றி அப்பாவின் கையில் கொடுத்தான், அவர் அதை வளைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

ஸ்பானர்_தம்பி (சுன்னாகம்)

நல்ல பொடியன். அண்ணை, உங்களுடைய எஞ்சினில் ரைமிங் செயின், அதனால் உள்ளே பிரச்சினை இல்லை. ஆனால் அந்த வெளிப் பெல்ற் பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற ஓல்டனேற்றரையும் தண்ணீர்ப் பம்பையும் சேர்த்துச் சுற்றுகிறது. அது வவுனியாக் காட்டில் அறுந்திருந்தால் முதலில் சிவப்புப் பற்றரி லைற் வந்திருக்கும். பற்றரி லைற்தானே, பகல்தானே, ஏசியை நிறுத்திவிட்டு மெல்ல ஓடுவம் என்று ஐந்து கிலோமீற்றர் போயிருந்தால், தண்ணீர் சுற்றாமல் எஞ்சினின் மேல்பாகம், ஹெட், சூட்டில் வளைந்திருக்கும். பற்றரி லைற் வந்தால் நிறுத்தி முதலில் பெல்ற் இருக்கிறதா என்று பாருங்கோ. இருந்தால் பற்றரியில் மிச்சம் இருக்கிற மட்டும் கிட்டின ஊருக்குப் போகலாம். இல்லையென்றால் ஒரு அடியும் வேண்டாம்.

ராங்க் காய்ந்தது எங்கே போனது என்றும் பாருங்கோ. நிரப்பி விட்டுவிட்டு மறக்கக் கூடாது. ஒயில் மூடிக்குக் கீழே பால்த் தேத்தண்ணி நிறத்தில் பசை இருந்தால் ஹெட்டுக்குக் கீழே அடைப்பாக இருக்கிற ஹெட் காஸ்கற்றைச் சந்தேகிக்கலாம். கிட்டின இடங்களுக்கு மட்டும் ஓடுகிற காரில் மூடியில் மட்டும் கொஞ்சம் வருவதும் உண்டு, டிப்ஸ்ரிக்கிலும் அதே நிறம் என்றால்தான் பயம். உங்களுடையதில் பம்ப் பக்கமாகக் காய்ந்த இளஞ்சிவப்புக் கறை இருக்கிறதா?

கோண்டாவிலான்

இருக்கிறது. பம்புக்குக் கீழே ஒரு கோடு மாதிரி. பம்ப் மாற்றச் சொல்லியிருக்கிறான், சாமான் நாளைக்கு வருமாம். பயணத்தை இரண்டு நாள் தள்ளி வைத்திருக்கிறோம், கிளினிக் திகதிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

பழைய_சாரதி

எலிக்கு நான் ஒன்று சொல்கிறேன். காரை ஒரே இடத்தில் நாட்கணக்காக விடாதே. வளவில் தென்னம்மட்டை, விறகு அடுக்கியிருந்தால் அதற்குப் பக்கத்தில் நிறுத்தாதே. இரவில் போனற்றைத் திறந்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள், இருட்டு இல்லாவிட்டால் கூடு கட்டாது என்று. தம்பி, அப்பாவிடம் சொல், பெல்ற் போனால் ஒஸ்ரினுக்குச் சேலைத்துணி முறுக்கிப் போட்டு வீடு வந்த ஆட்கள் இருந்தார்கள், இந்தக் காருக்கு அது சரிவராது.

தீவகத்து_ரீச்சர்

இன்னொரு கேள்வி கேட்டுவிட்டுப் போகிறேன். ஹான்ட் பிறேக் இறக்கித்தான் இருக்கிறது. ஆனால் சந்தியில் வளைத்துத் திருப்பும்போது வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு லைற் மினுங்கி அணைகிறது. நேராக ஓடினால் இல்லை. பிறேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. பிறேக் ஒயில் கொஞ்சம் வாங்கி விட்டால் சரியாகுமா?

ஸ்பானர்_தம்பி (சுன்னாகம்)

விடாதேயுங்கோ ரீச்சர். ஒயில் கீழ்க் கோட்டுக்குக் கிட்ட இறங்கியிருக்கிறது, வளைக்கும்போது ஒரு பக்கம் சாய்வதால் உள்ளே இருக்கிற மிதவை தட்டுகிறது. பிறேக் ஒயில் பெற்றோல் மாதிரி எரிந்து குறைவதில்லை. ஒன்றில் பிறேக் பாட் தேய்ந்து பிஸ்ரன் வெளியே வந்ததால் மட்டம் இறங்கியிருக்கும், அல்லது எங்கேயோ கசிகிறது. உங்களுடைய உப்புக் காற்று ரோட்டுக்கு இரும்பு லைன் துருப்பிடித்துக் கசிவதையும் தள்ளிவிட ஏலாது. இப்போது மேலே நிரப்பினால் லைற் அணையும், காரணம் மறைந்துவிடும். பாட்தான் காரணம் என்றால் புதுசு போடும்போது பிஸ்ரனை உள்ளே தள்ள, நிரப்பின ஒயில் மேலே வழிந்து பெயின்ற்றையும் உரிக்கும்.

இன்றைக்கே இரண்டு விஷயம் பாருங்கோ. எஞ்சின் ஓடும்போது பெடலை அமத்திப் பிடித்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா? நான்கு சில்லின் உட்பக்கமும், கார் நின்ற இடமும் ஈரமாக இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் நாளைக்குக் காலையில் மெதுவாக ஓடிக்கொண்டு வாங்கோ. ஏதாவது ஒன்று இருந்தால் காரை எடுக்க வேண்டாம், பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போங்கோ. எனக்குத் தனிமடல் போட்டால் நான் சாமானோடு அங்கே வாறன். கடைசியாக எப்போது பிறேக் ஒயில் மாற்றினது என்று வீட்டில் கேட்டு வையுங்கோ. அது காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் மாற்றவேண்டும். கேட்டால் பெரும்பாலும் "வாங்கினதில இருந்து மாத்தேல்லை" என்றுதான் பதில் வரும்.